உலுழுப் பாறையும் அதன் பெயர்வழக்கும்

ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுவண் பாலைநிலத்தில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரினின்று ஏறத்தாழ 450 கிலோமீட்டர் நெடுவழியில், 1,326 சதுர கிலோமீட்டர்ப் பரப்புடைய தேசியப் பூங்கா ஒன்று உளது. அதன்கண் நிலமட்டத்தினின்று 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் செந்நிறத் தனிப்பாறையைத் தமிழ் நாளிதழ்கள் ‘உலுரு’ என எழுதுகின்றன. அவ்வெழுத்து முறை பொருந்துமா என்பதும், அப்பாறைக்கு உரியோரின் சொற்களைத் தமிழில் எவ்வாறு ஆளுதல் தகும் என்பதுமே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தவை.

நிலத்துக்குரிய பழங்குடியினர் பிட்சன்சசாரா, யங்குனிச்சசாரா என்னும் கிளைமொழிகளைப் பேசுவோர். இப்பெயர்களின் ஈற்றிலுள்ள ‘சாரா’ என்பது ‘உடைய’ என்னும் பொருள் தருவது. இயங்குதற் பொருளில் ‘பிட்சன்ச’ என்னும் சொல்லை உடையோர் ஒரு சாரார். ‘யங்குனிச்ச’ என்பதை உடையோர் மற்றொரு சாரார். ஒரு சொல்லின் வேற்றுமையே இரு கிளைகளுக்கும் பெயராயிற்று.

பிட்சன்சசாரா மொழியின் மெய்கள் பதினேழு. உயிர்கள் அ, இ, உ என்னும் மூன்றும் அவற்றின் நெடிலுமே. வல்லெழுத்துகளிடையே ஒலிப்புடைமை பற்றிய பொருள்வேறுபாடு இல்லை. உரசொலிகளும் இல்லை. டகரம், ணகரம், ளகரம் போன்ற வளைநா ஒலிகள் உள. இவற்றை உரோமன் எழுத்தில் எழுதுவோர் வளைநா ஒலிக்கு அடிக்கோடு இடுவர். ‘உலுரு’ என்பதன் இறுதி மெய் அவ்வாறு அடிக்கோடு பெற்ற ரகரமாகும். அஃது ஒலியியல் நோக்கில் நம் ழகரமே. ஆதலின் ‘உலுழு’ என எழுதுதலே நேரிது. அடிக்கோடிட்ட ரகரத்தைத் தமிழ் றகரத்துக்கு ஆளும் நம்மவர் வழக்கத்தால் ‘உலுறு’ எனக் கொள்வாரும் உளர், அது பொருந்தாது. தொல்காப்பியர் ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே நூற்பாவில் நுனிநா அண்ணத்தை வருடப் பிறப்பன என ஒருங்கு வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது. அப்பாலை மொழிக்கு எழுத்து வகுத்தோரும் அவ்விரண்டையும் ஓரெழுத்தின் இரு வடிவமாகவே கொண்டனர்.

இனி, இடர் தரும் சொல் ஒன்று உண்டு. அம்மக்கள் தம்மைக் குறிக்கும் சொல் ணகரமும் தனி ஙகரமும் உடையது: ‘அணஙு’. ககரம் அதில் இல்லை. நம் எழுத்து மரபில் தனி ஙகரம் உயிரேறி வருதல் அரிதாகலின், எழுதுவோர் ‘அணங்கு’ என்றே எழுத நேரும். எழுதியவுடன் சங்க இலக்கியத்து அணங்கு நினைவிற்கு வரும். சொற்பிறப்பு ஆய்வும் தொடங்கிவிடும்! அச்சொல்லின் பொருளோ மனிதன், ஆள், உடல் என்பனவே. வருத்தும் தெய்வம் என்னும் கருத்து அதன்கண் இல்லை. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் ஆஸ்திரேலிய மொழிகளின் மூவிடப் பெயர்களைத் திராவிடப் பெயர்களோடு ஒப்பிட்டு நோக்கினார். ‘ஙயுலு’ என்பது நான். ‘ஞுந்து’ என்பது நீ. இத்தகைய ஒப்புமைகள் இனவுறவை நிறுவப் போதா என்பதே பிற்கால மொழிநூலார் முடிபு. எமக்கும் அதுவே உடன்பாடு. ஒலியமைப்பு ஒத்திருத்தல் வேறு. ஒரு தாய்மொழியினின்று பிறத்தல் வேறு.

மற்றொரு சொல் ‘சுக்குர்ப்பா’. படைப்புக் கால முன்னோர் வரலாறு, நிலத்தின் அமைப்பு, உறவுமுறை, ஒழுகலாறு ஆகிய அனைத்தையும் அச்சொல் தழுவும். கதை எனவும் பொருள்படும். 1896-இல் வெளிவந்த ஹார்ன் ஆய்வுப் பயண அறிக்கையில், கில்லன் என்பார் அண்டையிலுள்ள அரண்டா மக்களின் ஒத்த சொல்லைக் ‘கனவுக்காலம்’ என மொழிபெயர்த்தார். அதனைப் பின்பற்றித் தமிழிலும் ‘கனவு’ என்பது பிழையென்றே கருதுகிறோம், கனவு கலைவது. குனியா என்னும் மலைப்பாம்புப் பெண், தன் மருகனை ஈட்டியால் தாக்கிய லிரு என்னும் நச்சுப்பாம்பு வீரனைக் கிழங்கு தோண்டும் கோலால் அடித்த வடு, முட்டிச்சுலு நீர்ச்சுனை அருகே பாறையில் இன்றும் காட்டப்படுகிறது. பழிக்குப் பழி, உறவுக்கடன் பற்றிய நெறிகளை இளையோர் அவ்வடுவைக் கண்டே கற்கின்றனர். ‘அறம்’ என்பது ஓரளவு நெருங்கும். எனினும் அதில் கதையும் இடமும் இல்லை. ஆதலின் மூலச்சொல்லையே ஆளுதல் நன்று.

1873-இல் அங்குச் சென்ற கோஸ் என்னும் நிலஅளவையர், தென்ஆஸ்திரேலிய ஆட்சியில் உயர்பொறுப்பு வகித்த ஹென்றி அயர்ஸ் பெயரால் பாறையை வழங்கினார். 1958-இல் இப்பகுதி பழங்குடியினர் ஒதுக்குநிலத்தினின்று பிரிக்கப்பட்டது. 1985 அக்டோபர் 26-இல் உரிமை மீண்டது; ஆயினும் 99 ஆண்டுக் குத்தகையாக அரசிடமே பூங்கா திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1993-இல் ‘அயர்ஸ் பாறை / உலுழு’ என இரட்டைப் பெயர் அமைந்தது. 2002-இல் வரிசை மாறி உலுழு முன்னின்றது. ஏறவேண்டா என உரியோர் நெடுங்காலம் வேண்டியும் பயணிகள் ஏறிவந்தனர். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுதல் அடியோடு நிறுத்தப்பட்டது.

‘பல தலைகள்’ எனப் பொருள்படும் மேற்குக் குன்றுத் தொகுதிக்கு ‘கற்றா சுட்டா’ என எழுதலாம். முதற்சொல்லில் உள்ளது றகர வல்லொலி, பிற்சொல்லில் உள்ளது டகரம். உரோமன் எழுத்தில் அடிக்கோடு விடுபடின் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் இக்காலத் தமிழர் ‘ற்ற’ என்பதை ரகரம் கலந்து ஒலிப்பராதலின், அதற்கு ஒரு குறிப்பு வேண்டும்.