பூனைக்காலி விதையும் நடுக்குவாதமும்

வேலியோரப் புதர்களில் படரும் பூனைக்காலியின் காய்மேல் இருக்கும் பழுப்பு நிறச் சுணை கையில் பட்டாலே அரிப்பெடுக்கும். உள்ளே இருக்கும் விதையோ பார்க்கின்சன் நோய்க்கு, அதாவது நடுக்குவாதத்துக்கு, மருந்தாகும் லெவோடோபாவைக் கொண்டது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் இதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த நோய்க்கு அது மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது, 1960களில்தான் தெரிந்தது.

இந்த நோயில் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிகின்றன. டோபமைனையே கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், அங்கே போய் டோபமைனாக மாறும். வழியிலேயே மாறி வீணாகாமலிருக்க மாத்திரைகளில் கார்பிடோபா சேர்க்கிறார்கள்.

லண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடந்து, 2004இல் வெளியான சோதனையில் விதைப்பொடி மாத்திரையைவிட விரைவாக வேலை செய்தது. எட்டே பேர் என்பதை மறக்கக் கூடாது. நோயை அது குணமாக்குவதில்லை, அறிகுறிகளைத்தான் தணிக்கிறது.

கடைப் பொடியில் லெவோடோபா அளவு ஒரே சீராக இருக்காது. மாத்திரையோடு மருத்துவருக்குத் தெரியாமல் இதையும் சேர்த்தால் அளவு மிஞ்சி, குமட்டல், மனக்குழப்பம், கட்டுப்பாடில்லாத உடலசைவு வரலாம். மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுவது அதைவிட ஆபத்து.