'டக்' என்றால் ஒன்று, 'டக்டக்டக்' என்றால் வேறு

சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன, முன்பக்கம் 'டக்' என்று கேட்கிறது, இன்ஜின் மட்டும் சுற்றவில்லை. திருவெண்ணெய்நல்லூர், பெரியசெவலை, அரசூர் பக்கம் வீட்டுக்கு ஒரு கார் வைத்திருப்பவர்கள் பலர் அதைத் தினமும் எடுப்பதில்லை. கல்யாணம், கோயில், விழுப்புரம் ஆஸ்பத்திரி என்று தேவை வந்தால்தான் கார் வெளியே வரும். நிற்கிற காரிலும் கடிகாரமும் அலாரமும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே இருக்கும். பல நாளில் கரைந்தது, கடைத்தெரு வரை போய்த் திரும்புகிற ஓட்டத்தில் ஏறிவிடாது. போதாததற்கு நம் வெயில். பேட்டரியின் ஆயுளைக் குளிரைவிட வெப்பம்தான் அதிகம் குறைக்கிறது.

ஆனாலும் 'டக்' கேட்டவுடனே புது பேட்டரிக்குப் பணம் எடுக்க வேண்டாம். அந்தச் சத்தத்தை முதலில் கவனித்துக் கேளுங்கள்.

செல்ஃப் மோட்டாரின் முதுகில் சின்ன உருளை ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் சோலினாய்டு. சாவியைத் திருப்பியதும் அது காந்தமாகி, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும். தண்டு நகரும்போது ஒரு பக்கம் சிறு பல்சக்கரம் பிளைவீலின் பற்களில் போய்க் கோக்கும். இன்னொரு பக்கம் செம்புத் தகடு ஒன்று இரண்டு தடித்த போல்ட்டுகளை இணைக்கும். அந்த இணைப்பு வழியாகத்தான் பேட்டரியின் முழு மின்சாரமும் மோட்டாருக்குப் பாயும். நாம் கேட்கும் 'டக்', தண்டு போய் முட்டுகிற சத்தம். ஆக, சாவியும் சோலினாய்டின் காந்தமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன.

'டக்டக்டக்' என்று விடாமல் அடித்தால்? லோ வோல்டேஜில் பம்புசெட் ஸ்டார்ட்டர் ஒட்டாமல் படபடவென்று அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நடப்பதும் அதேதான். தகடு ஒட்டியதும் மோட்டார் மின்சாரத்தை வாரி இழுக்கிறது, வோல்ட் சரிகிறது, காந்தம் பிடியை விடுகிறது. விட்டதும் வோல்ட் ஏறுகிறது, மறுபடி ஒட்டுகிறது. காரணம் பேட்டரி இறங்கியிருப்பது, இல்லையென்றால் முனை இணைப்பு கெட்டிருப்பது.

இந்த இரண்டாவது காரணத்தைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. பானட்டைத் திறந்தால் பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். ஹெட்லைட் பல்பு ஒன்றுக்கு 5 ஆம்பியர் அளவு போதும். செல்ஃப் மோட்டாருக்குச் சிறிய காரிலேயே 100 முதல் 200 ஆம்பியர் வேண்டும். முனையில் 0.02 ஓம் தடை இருந்தால் பல்புக்கு இழப்பு 0.1 வோல்ட்தான். 150 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கோ 3 வோல்ட் போய்விடும். விளக்கு பளிச்சென்று எரிவதை வைத்து இணைப்பு சரி என்று நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே இல்லை. இன்ஜின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி முழுதாக ஏறியிருக்கிறது. 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. அடுத்து, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் ஈய முனையிலும் மற்றதை அதை இறுக்கியிருக்கும் கிளாம்ப்பிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த இணைப்பில்தான். மைனஸ் கிளாம்ப்பை முதலில் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசி. பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயரையும் அசைத்துப் பாருங்கள்.

ஒரே ஒரு பலத்த 'டக்', அந்த நேரத்தில் ஹெட்லைட்டும் மங்கவில்லை என்றால் சந்தேகம் செல்ஃப் மோட்டார் மேல் திரும்புகிறது. சோலினாய்டின் செம்புத் தகடு கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக் ஸ்பானர் பிடியால் மோட்டாரை லேசாகத் தட்டிவிட்டு ஸ்டார்ட் செய்வது கார்பன் ஒருமுறை சரியாக உட்காரட்டும் என்பதற்காக. வீடு போய்ச் சேர அது உதவும், அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவரால் சோலினாய்டின் முனைகளை இணைத்துச் சுற்ற வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். கியரில் இருந்தால் கார் ஆள்மேலேயே பாயும்.

இந்த மோட்டார் வருவதற்கு முன் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் காரை ஸ்டார்ட் செய்தார்கள். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் வந்தது. நம் நாட்டில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், சென்னை பாடியில் இதே மோட்டார்களைத் தயாரிக்கிறது.

பேட்டரி இறங்கிக் கார் நின்றுவிட்டால், கியர் காரைச் சாவியை ஆன் செய்து, இரண்டாவது கியர் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. இன்னொரு காரிலிருந்து ஜம்ப்பர் கேபிள் போடும்போது கடைசிக் கறுப்பு முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இருக்கும் இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒரு பொறிக்கே வெடிக்கும்.

ஓடத் தொடங்கியதும் மீட்டரை மறுபடி பேட்டரியில் வையுங்கள். பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.5க்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. அதைச் சரிபார்க்காமல் புது பேட்டரி மாட்டினால் அதுவும் இறங்கிவிடும்.