கிணற்றைக் கேட்டு விதைப்போம்

பொங்கல் கழிந்ததும் மல்லாங்கிணறு வட்டாரத்துத் தோட்டக்காரர்கள் முன் ஒரு கேள்வி வந்து நிற்கும். தைப் பட்டத்தில் என்ன காய் போடலாம்? கத்தரியா, வெண்டையா, சின்ன வெங்காயமா? சென்ற ஆண்டு எதற்கு நல்ல விலை கிடைத்தது என்பதைப் பார்த்தே பலர் முடிவு செய்கிறார்கள். ஆனால் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதுதான் கிணறு.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதியளவை வடகிழக்குப் பருவமழை கொண்டு வருகிறது. மார்கழியோடு அது ஓய்ந்துவிடும். தைப் பட்டத்துப் பயிர் பெரும்பாலும் கிணற்றில் தேங்கிய நீரைக் கொண்டே வளர வேண்டும். எனவே கிணற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது, பயிர் எவ்வளவு குடிக்கும் என்ற இரண்டையும் அறிந்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பயிர் குடிக்கும் நீர்

வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இலைத் துளைகள் வழியே ஆவியாகி வெளியேறுகிறது. மண்ணிலிருந்தும் நீர் ஆவியாகிறது. நீர் ஆவியாக வெப்பம் வேண்டும் அல்லவா? அந்த வெப்பத்தைத் தருவது சூரியன்.

தெளிந்த நாளில் நம் ஊரில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மீது சுமார் 20 மெகா ஜூல் சூரிய ஆற்றல் விழுகிறது எனக் கொள்வோம். பிரதிபலித்துத் திரும்புவதும் வெப்பக் கதிர்களாக வெளியேறுவதும் போக 12 மெகா ஜூல் மிஞ்சும். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்கத் தேவைப்படும் உள்ளுறை வெப்பம் சுமார் 2.4 மெகா ஜூல். 12-ஐ 2.4-ஆல் வகுத்தால் 5 கிலோகிராம், அதாவது 5 லிட்டர் என்று வருகிறது. ஒரு சதுர மீட்டரில் 5 லிட்டர் நீரைப் பரப்பினால் 5 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். ஆகவே பயிர் நிலம் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீரை இழக்கிறது.

வெயிலைப் போலவே காற்றும் முக்கியம். மழை குறைந்த வறண்ட காற்றுதான் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்றத் துணை செய்தது. தீக்குச்சியை உலர்த்தும் அதே காற்று வெண்டை இலையையும் விட்டு வைப்பதில்லை. வெயில், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றை ஒரே சமன்பாட்டில் இணைத்து ஆவியாதலைக் கணக்கிடும் வழியை ஹோவர்ட் பென்மன் என்னும் இயற்பியல் அறிஞர் 1948-இல் வெளியிட்டார். அவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர்.

பயிர் இளமையில் குறைவாகவும், தழைத்த பின் மிகுதியாகவும் குடிக்கும். மாசி, பங்குனியில் வெயிலும் ஏறும். ஆயினும் முதற் கணக்குக்குச் சராசரி 5 மில்லிமீட்டர் போதும். ஒரு சென்ட் என்பது 40.5 சதுர மீட்டர். எனவே ஒரு சென்ட் பயிருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 லிட்டர் நீர் வேண்டும்.

கிணற்றில் உள்ள இருப்பு

6 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணறு ஒன்றில் 5 மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கிறது எனக் கொள்வோம். அதன் கனஅளவு 22/7 × 3 × 3 × 5, அதாவது சுமார் 141 கனமீட்டர். இது 1,41,000 லிட்டராகும். வீட்டுத் தேவைக்கும் ஆடு மாடுகளுக்கும் 41,000 லிட்டரை ஒதுக்கினால் பயிருக்கு 1,00,000 லிட்டர் கிடைக்கும்.

இதை 200-ஆல் வகுத்தால் 500 வரும். இந்த 500-ஐ ‘சென்ட்-நாள்’ என்று அழைக்கலாம். மின்சாரத்தைக் கிலோவாட்-மணியில் அளப்பது போன்றதுதான் இது. 5 சென்ட் நிலத்துக்கு 100 நாள் நீர் பாய்ச்சலாம். 10 சென்ட் நிலமானால் 50 நாளில் இருப்பு தீர்ந்துவிடும்.

இப்போது பயிர்களின் வயதைப் பார்ப்போம். சின்ன வெங்காயம் சுமார் 70 நாள், கொத்தவரை 90 நாள், வெண்டை 100 நாள், கத்தரி 150 நாள். 10 சென்ட் நிலம் வைத்திருப்பவர் முழுவதும் கத்தரி நட்டால் 1,500 சென்ட்-நாள் தேவைப்படும். இருப்போ 500. ஐம்பதாம் நாள், செடி பூத்து நிற்கும் வேளையில், கிணறு வற்றும். நாற்றுக்கும் உரத்துக்கும் கடன் வாங்கிய குடும்பம் ஒரு கூடை காய்கூடப் பறிக்காமல் வட்டி கட்ட நேரும்.

அதே நிலத்தில் வெங்காயம் 3 சென்ட் (210), வெண்டை 2 சென்ட் (200), கொத்தவரை 1 சென்ட் (90) என்று போட்டால் கூட்டுத்தொகை சரியாக 500. நான்கு சென்ட் தரிசாகக் கிடக்கும் என்பது உண்மைதான். ஆனால் விதைத்த ஆறு சென்டும் வீடு வந்து சேரும்.

ஊற்றும் உப்பும்

கிணற்றில் ஊற்று உண்டே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் அளந்துவிடலாம். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, மாலையில் இறைத்து முடித்ததும் நீர்மட்டத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். காலையில் மீண்டும் பாருங்கள். மட்டம் 5 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் மேற்சொன்ன கிணற்றில் ஓர் இரவில் சுமார் 1,400 லிட்டர் ஊறியிருக்கிறது. அது 7 சென்ட் நிலத்தின் ஒரு நாள் தேவை. ஆனால் கோடை நெருங்க நெருங்க ஊற்று தளரும். தை மாத அளவைப் பங்குனி வரை நம்பிவிடக் கூடாது. வாய்க்காலில் கசிந்து போகும் நீரையும் கழிக்க வேண்டும். சொட்டுநீர்ப் பாசனமும் மண்மேல் சருகு மூடாக்கும் இந்த இழப்புகளைக் குறைக்கும்.

நீரின் தரமும் தேர்வை மாற்றும். உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆகவே மின்கடத்து திறனை அளந்து உப்பின் அளவை அறிகிறார்கள். வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையங்களில் இதைச் செய்து கொள்ளலாம். வெங்காயம் உப்பைத் தாங்காது. கொத்தவரை நன்கு தாங்கும். உவர்க் கிணறு உள்ளவர் வெங்காயத்தைக் குறைத்துக் கொத்தவரையைக் கூட்டுவதே நல்லது.

விலை எங்கே?

விலையை மறக்கச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு வெங்காய விலை ஏறியது என்று எல்லோரும் வெங்காயம் போட்டால் இந்த ஆண்டு வரத்து பெருகி விலை விழும். மறு ஆண்டு எல்லோரும் அதைக் கைவிட, விலை மீண்டும் ஏறும். ஊசல் போன்ற இந்த அலைவுக்குப் பொருளியலில் ‘சிலந்திவலைத் தத்துவம்’ என்று பெயர். நிக்கோலஸ் கால்டார் 1934-இல் இட்ட பெயர் இது. மூன்று வகைக் காய்களைப் பிரித்துப் போட்டவருக்கு ஒன்றின் விலை விழுந்தாலும் மற்றவை கைகொடுக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன் வெளியிடும் விலை முன்னறிவிப்புகளையும் பார்த்துக் கொள்ளலாம்.

உங்கள் ஊர்க் கிணறு ஒன்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் இந்த வாரமே அளந்து பாருங்கள். சென்ட்-நாள் கணக்கைப் போட்டு அப்பாவிடமோ தாத்தாவிடமோ காட்டுங்கள். எந்த மாதம் ஊற்று தளரும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அதையும் கேட்டுச் சேர்த்துக் கொண்டால் உங்கள் கணக்கு இன்னும் திருத்தமாகும்.