கடிக்கிற இஸ்திரிப் பெட்டி!

நாய் கடிக்கும். கொசு கடிக்கும். புதுச் செருப்பு கடிக்கும். இஸ்திரிப் பெட்டி கடிக்குமோ?

கடிக்கும் என்கிறாள் என் பெரியக்கா. "லேசாத்தான்டா கடிக்கும். ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் செய்யாது!"

போன மாதம் பாம்பனுக்குப் போயிருந்தபோது இப்படிச் சொன்னாள். அவளுக்குத் தையல்தான் ஜீவனம். மெஷின், சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் வந்தது. மெஷினோடு இஸ்திரிப் பெட்டியுமா கொடுப்பார்கள்? அதை அக்காவே ஏதோ ஒரு சந்தையில், பேரம் பேசி, பேர் தெரியாத சரக்காக வாங்கி வைத்திருந்தாள். கையில் எடுத்தால் முறுக்கு டப்பா மாதிரி லேசு. வயரில் ரெண்டே முள். முத்திரை எதுவும் இல்லை.

மகளுக்கு ஏழாவது மாதம். பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்காக எங்கள் அம்மாவின் பழைய பரமக்குடி கைத்தறிச் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு ஒரு விரிப்பு தைத்துக்கொண்டிருந்தாள். கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்றும், வங்காளத்தில் 'காந்தா' என்றும் தைக்கிறார்களே, அந்த ஜாதி. ஆனால் அக்காவின் விரிப்பு பூரி மாதிரி நடுவில் உப்பிக்கொண்டு நின்றது!

"அளந்துதான்டா வெட்டுனேன்" என்றாள் பரிதாபமாக.

குற்றவாளி கத்தரிக்கோல் அல்ல, இஸ்திரிப் பெட்டிதான். பெட்டி லேசாக இருந்தால் மடிப்பு படியாது. படியவில்லையே என்று நாம் அழுத்தி அழுத்தி இழுப்போம். இழுத்தால் துணி நீளும், அதிலும் குறுக்கு வெட்டுத் துணி ரப்பர் மாதிரி நீளும். சதுரத்துக்கு ஒரு நூல் நீண்டால் பத்துச் சதுரத்துக்குப் பத்து நூல். அதாவது ஒண்ணேகால் அங்குலம்! பி.காம். படித்ததற்கு இந்தக் கணக்காவது வந்ததே என்று அக்காவுக்குச் சந்தோஷம்.

ஒட்டுத் தையலுக்கு இஸ்திரியைத் தேய்க்கக் கூடாது. வைக்க வேண்டும், எடுக்க வேண்டும், அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இட்லித் தட்டு எடுத்து வைப்பது போல. தையல் ஓரத்தை இருண்ட நிறத் துணிப் பக்கமாகச் சாய்த்துப் படிய வைத்தால் வெளியே நிழல் தட்டாது. இதற்கெல்லாம் கனம் வேண்டும். கைக்கு ஆகாத கனம் இல்லை; ஒன்றரைக் கிலோவிலிருந்து ரெண்டு கிலோவுக்குள்.

அந்தக் காலத்துக் கரிப் பெட்டிக்குக் கனம் இயல்பாகவே இருந்தது. கரிக்கும் பஞ்சமில்லை, ராமநாதபுரம் சீமையில் வேலிக்காத்தான் கரி லாரி லாரியாகப் போகும். ஆனால் சூட்டை அளக்க வழி கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்து, 'சொய்ங்' சத்தத்தை வைத்துத்தான் முடிவு பண்ண வேண்டும். ஒரு பொறி பறந்தால் வெள்ளை வேட்டியில் ஓட்டை.

1882-ல் நியூயார்க்கில் ஹென்றி சீலி என்பவர் மின் இஸ்திரிப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் பிற்காலத்தில் சேர்ந்த பெரிய உபகாரம் தெர்மோஸ்டாட். சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் ரெண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை அது. சூடு ஏறினால் வளைந்து மின்சாரத்தை நிறுத்தும், ஆறினால் நிமிர்ந்து மறுபடி விடும். திருகில் ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, ரெண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. நைலானுக்கு ஒன்று, பட்டுக்கு ரெண்டு, பருத்திக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் பெட்டியில் திருகு இருந்தது, திருகினால் ஒன்றும் நடக்கவில்லை. போன ஆவணியில் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கை அதனால்தான் கருகியது. கொடுத்த நஷ்டஈட்டில் நல்ல பெட்டி ஒன்றே வாங்கியிருக்கலாம்.

இப்போது கடிக்கு வருவோம். பிளக்கில் மூன்றாவதாக, தடியாக, நீளமாக ஒரு முள் இருக்குமே, அதுதான் எர்த். உள்ளே கசிவு ஏற்பட்டால் பெட்டியின் உலோகத்தில் ஏறும் மின்சாரத்தை அதுதான் பூமிக்கு அனுப்புகிறது. முள் இல்லையென்றால் அந்த மின்சாரம் நம் உடம்பு வழியாகப் போகும். செருப்பு இருக்கும்வரை தாக்குப்பிடிக்கலாம். ஈரத் துணியும் வெறுங்காலுமாக ஒரு நாள் நின்றால்?

கடற்கரையில் இந்த ஆபத்து அதிகம். பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த உப்புக் காற்று இது. 1914-ல் திறந்த பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப்பாலம் வந்தது. பாலத்துக்கே அந்த கதி என்றால் ஒரு டப்பாவும் வயரும் எம்மாத்திரம்?

மறுநாள் பஸ் ஏறி ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் போனோம். கடைக்காரர் பளபளவென்று நீராவிப் பெட்டியை நீட்டினார். அக்கா ஆசையாகப் பார்த்தாள். நான் தலையாட்டவில்லை. எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் உப்பு. நீராவித் துளைகளில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும், பிறகு பழுப்புத் தண்ணீராகத் துணியில் சிந்தும். ஒட்டு கேன்வாஸ் வைத்துத் தைப்பவர்களுக்குத் துளையே இல்லாத சமதளமான அடிப்பாகம்தான் நல்லது. ஈரம் வேண்டுமா? பூவாளி பாட்டில் போதும்.

எங்கள் பட்டியல் இதுதான்: ஐ.எஸ்.ஐ. முத்திரை. மூன்று முள். ரெண்டு கிலோவுக்குள் கனம். பொத்தான் இடுக்கில் நுழையும் கூர்முனை. நூல் சுற்றிய நீள வயர் (பிளாஸ்டிக் உறை சூடு பட்டால் இளகும்). ஆயிரம் வாட்: ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால்தான் ஒரு யூனிட், தெர்மோஸ்டாட் விட்டு விட்டு எரிப்பதால் அதிலும் குறையும். விலை ஆயிரத்துச் சொச்சம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பிளக்கைச் செருகப் போனாள். "பொறு" என்றேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வந்து பார்த்தால், சுவரில் மூன்றாவது ஓட்டை இருக்கிறது, உள்ளே வயரே இல்லை! இத்தனை வருஷமாக அழகுக்கு ஓட்டை. எர்த் இழுத்து, முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி.யும் போட்டார். பெட்டியைவிட அதற்குத்தான் அதிகம் செலவானது. முக்கியமும் அதுதான்.

"வேலை முடிஞ்சா ஆறவிட்டுத் துடைச்சு, துணிப் பையில போட்டு வைங்க அக்கா. பிளாஸ்டிக் பையில வேர்த்து துரு புடிக்கும்" என்று அவரும் ஒரு உபதேசம் செய்துவிட்டுப் போனார்.

அக்கா விரிப்பைப் பிரித்து மறுபடி தைத்தாள். வைத்து, எடுத்து, வைத்து. அம்மாவின் சேலைகள் பலகை மாதிரி படிந்தன. ஆனால் அவள் காலில் இன்னமும் அந்த ரப்பர் செருப்பு!

"இனிமே எதுக்குக்கா அது?"

"பழைய பெட்டி போயிருச்சு, சரி. பழக்கம் போகணும்ல!"

போகட்டும் என்று விட்டுவிட்டேன். செருப்பு கடிப்பதில்லை. உங்கள் வீட்டுப் பெட்டி கடிக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள்.