எட்டாத கணினி

2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நாடு தழுவிய பொதுமுடக்கம் தொடங்கியபோது அலுவலகங்களின் கதவுகள் மூடப்பட்டன. கணக்குகளும் ஊதியப் பட்டியல்களும் உள்ளிருந்த கணினிகளில் தங்கிவிட்டன. வீட்டிலிருந்தே அக்கணினிகளை இயக்க உதவிய வழிகளுள் ஒன்று, ‘ரிமோட் டெஸ்க்டாப்’ எனப்படும் தொலைத்திரை இணைப்பு. இங்கிருந்து விசையழுத்தமும் சுட்டியின் அசைவும் செல்லும். அங்கிருந்து திரைக்காட்சி வரும்.

கிளியனூரில் தம் வீட்டில் அமர்ந்து, சென்னை அலுவலகக் கணினியை அடைய முயலும் கணக்கர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மாத இறுதி, ஊதியப் பட்டியல் மாலைக்குள் வங்கிக்குச் சென்றாக வேண்டும். ‘இணைக்க இயலவில்லை’ என்னும் வரியே திரையில் தோன்றுகிறது. இந்நிலையில் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி இடுவோர் பலர். பல முறை தவறினால் கணக்கே பூட்டப்படவும் கூடும்.

மரக்காணத்து உப்பளத்தில் பாத்திக்கு நீர் வராதபோது, வாய்க்கால் வழியே நடந்து, நீர் எந்த மடையில் நின்றது என்று பார்ப்பதே வழி. இணைப்புக்கும் அதுவே பொருந்தும்.

முதல் மடை வீட்டு இணையம். வேறு தளங்கள் திறக்கின்றனவா என்று பார்த்தால் அது தெளிவாகும். அடுத்தது வி.பி.என். என்னும் காப்பு வழி. அலுவலகக் கணினியின் பெயர் அலுவலக வலையமைப்புக்குள் மட்டுமே அறியப்படுவதாயின், அவ்வழியில் நுழையாமல் அப்பெயரைச் சொல்லி அழைப்பது வீண்.

மூன்றாவது மடையில்தான் பெரும்பாலும் நீர் நிற்கிறது. அலுவலகக் கணினி உறக்க நிலையில் இருக்கும். அல்லது மின்தடைக்குப் பின் எவரும் அதை இயக்கியிருக்க மாட்டார். அங்குள்ள ஒருவருக்குத் தொலைபேசியில் பேசுவதே இதற்கு எளிய தீர்வு. ‘பிங்’ கட்டளைக்கு விடை வராததை மட்டும் கொண்டு கணினி இயங்கவில்லை என முடிவு செய்தல் கூடாது. தீயரண் அவ்விடையைத் தடுத்திருக்கலாம். மீண்டும் இயங்கிய கணினிக்குப் புதிய ஐ.பி. முகவரி கிடைத்திருக்கவும் கூடும். அப்போது பழைய முகவரி வேறொரு கணினியின் வாசலில் கொண்டு நிறுத்தும்.

கணினி விழித்திருந்தும் இணையவில்லையெனில் அதன் அமைப்புகளைக் காண வேண்டும். தொலை இணைப்புக்கான இசைவு தொடக்கத்தில் அணைக்கப்பட்டே இருக்கும். விண்டோஸின் ‘ஹோம்’ பதிப்பு இவ்வகை அழைப்பை ஏற்பதேயில்லை. ‘புரோ’ பதிப்பு ஏற்கும். வழக்கமாக இவ்விணைப்பு 3389 என்னும் வாயில் எண்ணில் நிகழ்கிறது. தீயரணில் அதற்கு வழி விடப்பட்டிருத்தல் வேண்டும். ‘கடவுச்சொல் தவறு’ என்ற செய்தி வருமாயின் ஒருவகையில் அது நற்செய்தியே: அழைப்பு மறுமுனையை எட்டிவிட்டது.

அவசரத்தில் சிலர் 3389 வாயிலை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடுகின்றனர். இத்தகைய இணைப்புச் சேவையில், ‘புளூகீப்’ எனப் பெயர்பெற்ற ஓட்டை 2019 மே மாதம் வெளிப்பட்டது. கடவுச்சொல் இல்லாமலே உள்நுழைய அது இடமளித்தது. 2014ஆம் ஆண்டிலேயே ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது. கிளியனூர்க் கணக்கர் வி.பி.என். வழியாகவே செல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.