அச்சின் கடைசி மூலை நிரம்புமா?

மாணவர்களே, வீட்டிலுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அடிப்பகுதியின் நடுவில் சிறிய புள்ளி போன்ற தழும்பு இருக்கும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாசல் அதுதான். அங்கிருந்து பரவிய குழம்பு, சுவர் வழியே சென்று விளிம்பைச் சேர்ந்ததால்தான் அது வாளியானது. பாதி வழியில் நின்றிருந்தால், விளிம்பு குறைந்த அந்த வாளி குப்பைக்குத்தான் போயிருக்கும்.

குழம்பு ஏன் பாதியில் நிற்க வேண்டும்? பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை ஏறத்தாழ 200 முதல் 250 பாகை செல்சியசில் உருக்கி, உயர் அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். அச்சுக்குள் குளிர்நீர் ஓடுவதால் அதன் சுவர் குளிர்ந்திருக்கும். சுவரைத் தொட்ட குழம்பு உடனே உறைகிறது. நடுப்பகுதி மட்டுமே தொடர்ந்து ஓடுகிறது. ஆறத் தொடங்கிய அகார்-அகார் மூலைகளுக்குப் போகாமல் திரண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

இங்கே தடிப்பு மிக முக்கியம். குளிரும் நேரம் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 மில்லிமீட்டர் தடிப்பை 1 மில்லிமீட்டராக்கினால், அந்த நேரம் ஏறத்தாழ கால்பங்காகிவிடும்!

ஈஜோக்கிலிருந்து ரவாங் பக்கம் போனால், சுங்கை சோவில் பெரோடுவா கார் ஆலை உள்ளது. காரின் பம்பரும் இப்படி வார்க்கப்படும் பொருள்தான். அது நீளமானது, துளைகளும் வளைவுகளும் நிறைந்தது. அதற்கான எஃகு அச்சைக் குடைந்த பின் குறை தெரிந்தால், திருத்துவதற்குப் பெரும் பணமும் நேரமும் செலவாகும். ஆகவே, எஃகைத் தொடுமுன் கணினியில் வார்த்துப் பார்க்கிறார்கள்.

இதற்கான மென்பொருளை விற்க, கோலின் ஆஸ்டின் என்ற பொறியாளர் 1978இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மோல்ட்ஃபுளோ நிறுவனத்தைத் தொடங்கினார். அன்றைய கணினிகளுக்கு வலு குறைவு. எனவே, அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிப்பதுபோல் பொருளின் வடிவத்தைத் தட்டையாக விரித்துக் கணக்கிட்டார்கள். 2008இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மோல்ட்ஃபுளோவை வாங்கியது. இன்று கணினி பொருளை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அழுத்தம், வெப்பநிலை, வேகம் ஆகியவற்றைக் கணிக்கிறது.

திரையில் பொருள் முழுவதும் நிறம் பரவிவிட்டால் போதுமா? போதாது. பொறியாளர் மேலும் மூன்று கேள்விகள் கேட்பார்.

முதலாவது, நிரப்பத் தேவைப்பட்ட அழுத்தம் இயந்திரத்தின் எல்லைக்குள் இருக்கிறதா? எல்லையைத் தொட்டால், ஆலையில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் மூலை நிரம்பாது.

இரண்டாவது, ஓட்டத்தின் முன்முனை அதிகமாகக் குளிர்ந்துவிட்டதா?

மூன்றாவது, காற்று எங்கே சிக்குகிறது? சைக்கிள் பம்ப் சூடாவதுபோல், அமுக்கப்படும் காற்று சூடாகும். அச்சுக்குள் அந்தச் சூடு பிளாஸ்டிக்கையே கருக்கிவிடலாம்.

நாம் கொடுக்கும் விவரம் தவறானால் கணினியின் விடையும் தவறாகும். அதனால், அச்சு தயாரானதும் வேண்டுமென்றே குறைந்த அளவு பிளாஸ்டிக்கைச் செலுத்துவார்கள். பாதி நிரம்பிய அந்த உருவமும் திரையில் கண்ட உருவமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். கணிப்பைச் சோதனைதான் உறுதிப்படுத்த வேண்டும்.

நீங்களும் சோதிக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகிலுள்ள துளைகளை உற்றுப் பாருங்கள். துளையைச் சுற்றி இரண்டாகப் பிரிந்த ஓட்டம் மறுபக்கம் சேர்ந்த இடத்தில், சில நாற்காலிகளில் மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டை வைத்து, வாசல் எந்தத் திசையில் இருக்கும் என்று முதலில் எழுதுங்கள். பிறகு நாற்காலியைக் கவிழ்த்துத் தழும்பைத் தேடுங்கள்.