ஒரு ரூபாயில் நின்ற தீப்பெட்டி

2021 டிசம்பர் 1ஆம் தேதி முதல் பெட்டிக்கடைகளில் தீப்பெட்டி 2 ரூபாய் ஆனது. அதற்கு முன் 2007இல்தான் 50 காசிலிருந்து 1 ரூபாயாக ஏறியிருந்தது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் டீ, பஸ் டிக்கெட் என எல்லாமே விலை ஏறின. தீப்பெட்டி மட்டும் அசையவில்லை.

சிவகாசியில் கூடி 2 ரூபாய் என்று முடிவெடுத்த உற்பத்தியாளர்கள் கணக்கைக் காட்டினார்கள். சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ஆகிவிட்டது. மெழுகு 58இலிருந்து 80. உள்பெட்டி அட்டை 32இலிருந்து 58.

இதில் பாஸ்பரஸின் கதை தனி. அது குச்சியின் தலையில் இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் உரசும் பட்டையில் துளியளவு இருக்கிறது. அந்தத் துளி இல்லையென்றால் குச்சி பற்றாது. மஞ்சள் பாஸ்பரஸைச் சூடாக்கித்தான் சிவப்பு பாஸ்பரஸ் எடுக்கிறார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் உலைகளுக்கோ மின்சாரம் ஏராளமாக வேண்டும். 2021 செப்டம்பரில் சீனாவின் யுன்னான் மாகாணம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, அந்த உற்பத்தியை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. உலகச் சந்தையில் விலை எகிறியது.

இத்தனைக்கும் சிவகாசி பலவீனமான ஊர் அல்ல. 1922இல் அவ்வூர்க்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து, லேபிள் அச்சடிப்பது வரை அந்தத் தொழில் சுற்றுவட்டாரத்திலேயே வளர்ந்துவிட்டது. ஒரு தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலை) மூடினால் சாத்தூரிலோ கோவில்பட்டியிலோ இன்னொன்று ஆர்டரை எடுத்துக்கொள்ளும். ஆனால் எல்லா ஆபீஸுக்கும் ஒரே ரசாயன மருந்துதான். குச்சியும் பெரும்பாலும் கேரளத்து மரத்திலிருந்து வருவதே. ஊற்று அடைபட்டால் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் தாகம்.

சரக்கை முன்கூட்டியே வாங்கி அடுக்குவதுதான் பலரும் சொல்லும் வைத்தியம். ஆனால் குச்சித் தலையில் சேரும் பொட்டாசியம் குளோரேட்டை அப்படி அடுக்க முடியாது. உரிமம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் வைத்திருப்பது குற்றம், ஆபத்தும்கூட. குச்சிக்கு ஏற்ற மரங்களைத் தமிழ்நாட்டு விவசாயிகளிடமே வளர்க்க வைக்கலாம். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி அதற்கு வழிகாட்டியிருக்கிறது. ரசாயனத்துக்கோ, சிறு ஆபீஸ்கள் சேர்ந்து இரண்டு மூன்று இடங்களிலிருந்து வாங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அப்போது பெட்டிக்குச் சில காசு கூடலாம்.

அந்தச் சில காசுதான் சிக்கல். மலிவான சீன லைட்டர் பக்கத்திலேயே தொங்கும்போது தீப்பெட்டி விலையை யார் ஏற்றுவார்கள்? 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை போட்டது. அதன்பின் லைட்டரை உதிரிபாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றார்கள். 2024 அக்டோபரில் அந்தப் பாகங்களுக்கும் தடை வந்தது.